தாடிக்கும் முகமூடிக்கும் இடையே

“கசக்குதா?” என்று கேட்டேன்.

வெள்ளைத் துணியாலான கூண்டு ஒன்று வீரமணியின் தலையையும் தோள்களையும் மூடியிருந்தது. உள்ளே அவர் மூக்கும் வாயும் மறையும்படி ரப்பர் முகமூடி அணிந்திருந்தார். கூண்டின் முன்பக்கத்தில் பிளாஸ்டிக் சன்னல், அதற்குக் கீழே ஒரு சிறு துளை. அந்தத் துளை வழியாக நான் கசப்பு மருந்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தேன்.

முகமூடி முகத்தோடு சரியாக ஒட்டியிருந்தால் கசப்பு உள்ளே போகாது. நாக்கில் கசப்பு தட்டினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். காற்று கசியும் இடத்தில் தூசியும் கசியும். சோதனை அவ்வளவுதான்.

வீரமணி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கசக்கவில்லையாம்.

சன்னல் வழியாக அவர் கண்களைப் பார்த்தேன். நீர் கோத்திருந்தது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. ரப்பர் விளிம்புக்கு வெளியே இரண்டு கன்னங்களிலும் ஏழு வாரத் தாடி பிதுங்கிக்கொண்டு நின்றது.

தாளில் நான்காம் எண்ணுக்கு நேரே ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கையெழுத்து வழக்கம் போல ஒழுங்காகக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

சென்ற வாரம் என் முதல் சம்பள நாளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, சிரித்ததாகச் சில வாசகர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். இந்த வாரம் அவர்கள் சிரிக்க ஒன்றும் இல்லை. இந்தத் தொடரை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அத்தியாயம் இது.

பின்கோடு சொல்லாதவன்

பட்டறை கிராஞ்சிப் பக்கம் இருந்தது. சமையலறை மேடைக்கான கற்பலகைகளை அளவுக்கு அறுத்து, ஓரம் தேய்த்து, வீடுகளுக்கு அனுப்பும் இடம். ஆட்கள் விடுதியிலிருந்து லாரியில் வருவார்கள். நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. எல்லாருக்கும் ‘சேஃப்டி சார்’.

முகமூடிச் சோதனையை, கோப்பி கலக்கும் சிறிய அறையில் வைத்துக்கொள்வேன். கூண்டுக்குள் தலையை இடம் வலமாகத் திருப்ப வேண்டும், மேலும் கீழும் பார்க்க வேண்டும், குனிய வேண்டும், பேச வேண்டும். பேசுவதற்காக ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது வராது. அவரவர் வீட்டு முகவரியைச் சொன்னால் போதும் என்று நானே மாற்றிக்கொண்டேன்.

முகமூடிக்குள்ளிருந்து ஊரும் தபாலும் வட்டமும் மாவட்டமும் கரகரவென்று வரும். வரிசையில் நிற்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

“சார், பின்கோடு சொல்லாம விட்டுட்டான் சார். ஃபெயில் போடுங்க.”

“இவன் சொல்றது பொண்டாட்டி வீட்டு அட்ரஸ் சார்.”

வீரமணி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அப்போது முப்பது வயதிருக்கும். கற்பலகையில் பாத்திரம் கழுவும் சிங்குக்கு ஓட்டை போடுவதில் அவரைப் போல ஆள் கிடையாது. பென்சில் கோட்டுக்கு மயிரிழை விலகாமல் அறுப்பார். என்னைப் போலவே ஒழுங்குக்காரர் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

தண்ணீர் நின்ற கதை

அந்தக் கற்பலகை மலையில் வெட்டி எடுத்தது அன்று. கல்லைத் தூளாக்கி, பிசின் கலந்து, அழுத்திச் செய்த செயற்கைக் கல். தோ பாயோவில் என் வீட்டு அடுப்படியிலும் அதுதான் இருக்கிறது. மஞ்சள் கறை பிடிக்காது, துடைத்தால் பளபளக்கும். கமலா ஆசைப்பட்டுப் போட்டது. கமலா என் மனைவி.

அதை உலர்வாக அறுத்தால் வெள்ளை மாவு எழும்பும். அந்த மாவில் பெரும்பகுதி சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் தூசி தும்மலோடு போய்விடும். தெரியாத தூசி நுரையீரலின் அடிவரை இறங்கி உட்காரும். அதைச் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பான இடம் மறுபடி விரியாது. அதை மாற்ற மருந்து கிடையாது.

எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் ‘பவுடர்’. மாலையில் லாரி ஏறும் முன் ஒருவர் முதுகை மற்றவர் தட்டிவிடுவார்கள். “இன்னைக்கி உனக்கு மேக்கப் தூக்கல்டா, பொண்ணு பாக்கப் போறியா?” என்பார்கள். காற்றுக் குழாயைப் பிடித்து உடம்பின் மேல் அடித்துக்கொள்வார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று தமிழில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். பலகை மேலும் பவுடர் படிந்தது. வாரத்துக்கு ஒரு முறை பலகையைத் துடைத்தேன்.

தடுக்கும் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். அறுக்கும் இடத்திலேயே தண்ணீர் விழ வேண்டும். அப்படியும் எழும்புவதை அங்கேயே ஒரு குழாய் உறிஞ்சிவிட வேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகு மிச்சம் இருப்பதற்குத்தான் முகமூடி. பாதுகாப்புப் படிப்பில் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள், முகமூடி கடைசி என்று.

எங்கள் பட்டறையில் கை இயந்திரங்களுக்கும் ஒரு காலத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. கல் சேறு போய் வடிகாலை அடைத்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் புகார் கொடுத்தார். சேற்றைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். மேலாளர் ஜெயராஜ் குழாயை மூடிவிட்டார்.

ஜெயராஜ் என்னைவிடப் பத்து வயது இளையவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இங்குள்ளவர்கள் போலப் பேச்சின் முடிவில் ‘லா’ போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடுவார், நல்ல குரல். என் மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று நாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட எனக்கு ஆசைதான்.

“டேங்க் கட்ட பட்ஜெட் இல்லண்ணே. நெக்ஸ்ட் குவார்ட்டர் பாப்போம். அதான் மாஸ்க் இருக்குல்ல?”

கடிதம் எழுதினேன். அடுத்த காலாண்டும் போனது. மறு கடிதம் எழுதினேன். இரண்டின் நகலையும் கோப்பில் சேர்த்தேன். கோப்பில் சேர்த்து, துளையிட்டு, எண் போட்டதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும், காரியம் முடிந்துவிட்டது போல. பல ஆண்டுகளாக அந்த நிம்மதிக்குப் பழகியவன் நான்.

ஆக, தண்ணீர் இல்லை, உறிஞ்சும் குழாய் இல்லை. கடைசியில் இருக்க வேண்டிய முகமூடி முதலில் வந்து நின்றது. அது மட்டுமே நின்றது.

மாசமாக இருக்கிறவர்களின் புருஷன்

சோதனைக்கு இரண்டு நாள் முன்பு வீரமணியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“புதன்கிழமை டெஸ்ட். தாடிய எடுத்துட்டு வரணும்பா. முடி இருந்தா ரப்பர் ஒட்டாது.”

கையில் வைத்திருந்த துடைக்கும் துணியை நான்காக மடித்தார். “சார், வீட்ல மாசமா இருக்காங்க சார்.”

“எத்தன மாசம்?”

“மூணு முடிஞ்சிருச்சு. லீவுல போயிட்டு வந்தேன்ல. கொழந்த பொறந்ததும் எடுத்துருவேன் சார்.”

பக்கத்தில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்துவிட்டது. “அப்ப இன்னும் ஆறு மாசத்துக்கு இவன் சாமியார்தான் சார். ஒரு உண்டியல் வெச்சு உக்கார வெச்சிருவோம்” என்றார். வீரமணியும் சிரித்தார்.

மனைவி கருவுற்றிருக்கும்போது கணவன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. நம் வீடுகளில் பலரும் இதை இன்னும் கடைப்பிடிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. பெரியவர்கள் சொன்னது, நமக்கு எதற்கு வம்பு என்பார்கள். கடல் தாண்டி வேலைக்கு வந்தவனால் மனைவிக்கு மாங்காய் வாங்கிக் கொடுக்க முடியாது, பரிசோதனைக்குக் கூட்டிப்போக முடியாது. அவள் பொருட்டு இங்கிருந்து செய்ய முடிந்தது இந்த ஒன்றுதான். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, செய்யாமல் விடுவது.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். தாடியை எடு, அல்லது அறுக்கும் மேசைக்குப் போகாதே. அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எனக்கு வாய் வரவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. காரணம் என்கிறேன், சமாதானம் என்று சொல்லவில்லை. கமலா முதல் முறை கருவுற்றபோது நான் கப்பல் பட்டறை ஒன்றில் வேலையில் இருந்தேன். தொட்டிக்குள் இறங்கிச் சாயம் அடிக்கும் இடம். முகமூடிக்குத் தாடி ஆகாது என்றார்கள். இரண்டாம் மாதமே எடுத்துவிட்டேன். ஆறாம் மாதம் குழந்தை தங்கவில்லை.

நஞ்சுக்கொடியில் கோளாறு என்று மருத்துவர் விளக்கினார். அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். அவர் சொன்னதை நம்புகிறேன். மருத்துவமனை நடைவழியில் என் மாமியார் நின்றிருந்தார். மழித்த என் முகவாயை ஒரு முறை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தப் பார்வைக்கு நாட்குறிப்பில் எழுதிய மருத்துவக் காரணம் எதுவும் போதவில்லை.

வீரமணியின் முகத்தைப் பார்த்துச் ‘சவரம் செய்’ என்று நான் எப்படிச் சொல்வது? ஆறாம் மாதம் ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால்?

தாடிக்காரர்களுக்கென்று வேறு வகை உண்டு. தலை முழுவதையும் மூடும், இடுப்பில் கட்டிய மின்விசிறி சுத்தமான காற்றை உள்ளே ஊதும். அதை வாங்கிக் கொடுங்கள் என்று ஜெயராஜிடம் போனேன்.

“ஒரு ஆளுக்கு அவ்ளோ செலவா? தாடிய எடுக்கச் சொல்லுங்கண்ணே. மாட்டேன்னா ஃபெயில் போடுங்க. இங்க வேற வேல இல்ல, ஊருக்கு அனுப்பிடலாம். சிம்பிள்.”

“அவன் பொண்டாட்டி மாசமா இருக்காப்பா.”

“எங்க வீட்ல அதெல்லாம் பாக்குறதில்ல. ஆனா நான் ஒண்ணும் சொல்லல லா. நீங்கதான் சேஃப்டி. சைன் பண்ணப்போறது நீங்க.”

புதன்கிழமை வந்தது. வீரமணி தாடியோடு வந்தார். கூண்டுக்குள் போனார், முகவரி சொன்னார், கட்டைவிரலை உயர்த்தினார். நான் எழுதினேன்.

ஒருவருடைய நம்பிக்கையை மதித்தேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். என் இடத்தில் வேறு இனத்து அதிகாரி இருந்திருந்தால் தாடியின் பொருள் அவருக்குத் தெரிந்திருக்காது. விதியைக் காட்டி மழிக்க வைத்திருப்பார். வீரமணி கண் கலங்கியிருப்பார், நாலு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார், ஆனால் முகமூடி ஒட்டியிருக்கும். பொருள் தெரிந்தவன் அங்கே இருந்ததுதான் அவருக்குக் கேடு.

அன்றைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ‘முகமூடிச் சோதனை. நான்கு பேர். நால்வரும் தேர்ச்சி. மாலை மழை.’ தாடி என்ற சொல்லே இல்லை. மழையை எழுத மறக்கவில்லை.

செம்பவாங்கில் ஒரு சான்றிதழ்

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம்.

அவர் செம்பவாங் கப்பல் துறையில் வேலை பார்த்தவர். கப்பலின் அடித்தளத்தில் நீராவிக் குழாய்களுக்கு வெள்ளையாக ஒரு பஞ்சைச் சுற்றும் வேலை. அது நுரையீரலைக் கெடுக்கும் கல்நார், ஆஸ்பெஸ்டாஸ், என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர் சட்டையை வாசலில் நின்று நாலு உதறு உதறுவார். வெயில் சாய்ந்து விழும் நேரம். உதறும்போது காற்றில் மினுமினுவென்று ஏதோ மிதக்கும். நான் அதைப் பிடிக்க எட்டிக் குதிப்பேன்.

ஓய்வு பெற்றுப் பல காலம் கழித்து அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கடைசியில் செருப்பு மாட்டக் குனிவதற்கே மூச்சு போதவில்லை. அவர் போனபின் கிடைத்த இறப்புச் சான்றிதழில் காரணம் இதயம் என்று இருந்தது. அவர் எதைச் சுற்றினார், எத்தனை ஆண்டு சுற்றினார் என்று கேட்டு, நான் ஏறாத படி இல்லை. ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. அவர் அந்தப் பஞ்சைத் தொட்டதற்கே ஆதாரம் கிடையாது.

அதற்குப் பிறகுதான் பாதுகாப்புப் படிப்பில் சேர்ந்தேன். எழுதி வைக்க ஆள் இருந்தால் எவனும் என் அப்பாவைப் போலப் போக மாட்டான் என்று நம்பினேன். எழுதி வைப்பவன் பொய்யும் எழுதுவான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எக்ஸ்ரே

வீரமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அந்த ஞாயிறே தேக்காவில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போய்த் தாடியை எடுத்துவிட்டார். திங்கட்கிழமை எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் வெளுத்து, வேறு யாருடைய முகவாயையோ இரவல் வாங்கி ஒட்டியது போல இருந்தது. “இப்பத்தான் சார் இவன் ஆம்பளையாட்டம் இருக்கான்” என்று கேலி செய்தார்கள். அன்றே அவரை மறுபடி கூண்டுக்குள் நிறுத்திச் சோதித்தேன். அந்தத் தேர்ச்சி உண்மையானது.

தூசி மட்டும் அப்படியே இருந்தது. தண்ணீர் குடிக்க முகமூடியைக் கழற்றுவார்கள், தொலைபேசி வந்தால் கழற்றுவார்கள், பெருக்கும்போது கழற்றியே வைத்திருப்பார்கள். பட்டறைக் காற்றில் பவுடர் எந்நேரமும் நின்றுகொண்டிருந்தது.

குழந்தை பிறந்து மூன்றாம் ஆண்டு என்று நினைக்கிறேன். பலகை தூக்கும்போது வீரமணி நடுவில் இறக்கி வைக்க ஆரம்பித்தார். “என்ன மாப்ள, வயசாயிருச்சா?” என்றார்கள். இருமினார். சளி என்று மருந்து வாங்கிக் குடித்தார். வேலைக்கான மார்பு எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டது. மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போனேன்.

நுரையீரல் மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் கேட்டேன். தண்ணீர் விட்டு அறுத்தீர்களா? வீரமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு “காஞ்சாப்லதான் சார்” என்றார். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். முகமூடி உண்டா? “இருந்துச்சு.” அதையும் சொன்னேன்.

சிலிக்கோசிஸ் என்றார் மருத்துவர். இனித் தூசி பக்கமே போகக் கூடாது. போகாவிட்டாலும் இது கூடலாம். தாடி வைத்திருந்த மாதங்களைப் பற்றி நானே கேட்டேன். எந்த மாதத்துத் தூசி எது என்று நுரையீரல் பிரித்து வைத்துக்கொள்வதில்லை என்றார். அத்தனை ஆண்டுக் காற்றும் சேர்ந்து செய்தது இது.

அதை மட்டும் வீரமணிக்கு நான் சரியாக மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்துதான் என்று முணுமுணுத்தேன்.

மறுநாள் ஜெயராஜ் என் மேசைக்கு வந்தார்.

“அண்ணே, உங்க ஃபைல் கோல்டு லா. வருஷா வருஷம் பாஸ். மாஸ்க் லீக் ஆகல. அப்ப டஸ்ட் நம்மகிட்ட இருந்து போகல. ஊர்ல எங்கயாச்சும் குவாரில வேல பாத்திருப்பான்.”

“அவன் ஊர்ல மினி லாரி ஓட்டினவன்.”

“அதுக்கு ப்ரூஃப் இருக்கா? நம்மகிட்ட இருக்கு.”

தொழிலாளர் துறை விசாரித்து, வேலையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டால் வீரமணிக்குச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. இல்லையென்றால் வேலை அனுமதியை ரத்து செய்து, நோயோடு விமானம் ஏற்றிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே என் ஒழுங்கான கையெழுத்து நின்றுகொண்டிருந்தது.

கேர்பாவ் சாலையில் தேநீர்

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமிருக்காது. கேர்பாவ் சாலைக் கடையொன்றில் வீரமணியைச் சந்தித்தேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று, கடைகளை வேடிக்கை பார்ப்பது போல மூச்சு வாங்கிக்கொண்டு வந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன்.

தேநீர் வந்தது. அவர் குடிக்கவில்லை.

“சார், அன்னைக்கி கசந்துச்சு சார்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“கண்ணுல தண்ணி வந்துச்சு. பாத்தேன்.”

பக்கத்து மேசையில் யாரோ பரோட்டாவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்கள். வீரமணி குவளையைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

“எனக்காகத்தான் பாஸ் போட்டீங்கன்னு எனக்கும் தெரியும் சார். ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன். நல்ல மனுசன், நம்ம பழக்கவழக்கம் தெரிஞ்சவருன்னு.”

அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

“ஆபீசர் கேட்டா கசக்கலைன்னே சொல்லிடுறேன். உங்க பேருக்கு எதுவும் வந்துறக் கூடாது சார்.”

“அப்படிச் சொன்னா உங்க கேஸ் அன்னைக்கே முடிஞ்சுது.”

“அப்ப உங்க வேல?”

“அத விடுங்க.”

விடுங்க என்று சொன்னேனே தவிர, நான் விடவில்லை. மூன்று வாரம் பேசாமல் இருந்தேன். இதையும் எழுத வேண்டும். என் பெயர் போகும், உரிமம் போகும், இந்த வயதில் வேறு வேலை கிடைக்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கமலாவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மழ பேஞ்சா எழுதுறீங்க, லிஃப்ட் ரிப்பேர்னா எழுதுறீங்க. இத மட்டும் ஏன் எழுதல?”

கழுவி வைத்த தட்டுகளை எடுத்துத் துடைத்தேன்.

“நம்ம புள்ளைக்காக அவருக்குப் பாஸ் போட்டீங்களா?” என்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை விசாரணை அதிகாரிக்குத் தொலைபேசி செய்தேன்.

எதை நம்புவது

அதிகாரி இளைஞர், மரியாதையானவர். நான் சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டார். பிறகு கேட்ட கேள்வி நியாயமானது. அன்று கையெழுத்திட்டுக் கொடுத்த தாள் ஒன்று சொல்கிறது, இன்று நீங்கள் வேறு சொல்கிறீர்கள், எதை நம்புவது?

என் நாட்குறிப்பும் அந்தத் தாளின் பக்கமே சாட்சி சொன்னது.

வீரமணியின் மனைவிதான் காப்பாற்றினார். சோதனை நாள் காலையில் முகமூடி மாட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து, ‘பூதம் மாதிரி இருக்கேனா?’ என்று கேட்டு அவருக்கு அனுப்பியிருக்கிறார் வீரமணி. அந்த அம்மாள் அதை அழிக்கவே இல்லை. ரப்பர் விளிம்பைச் சுற்றித் தாடி புதர் போல நிற்கிறது. படத்தில் தேதி இருந்தது.

உடனே நிறுவனம் பேச்சை மாற்றியது. மத நம்பிக்கை காரணமாகத் தாடியை எடுக்க மறுத்தது அவர் குற்றம் என்றது. அதிகாரி ஜெயராஜிடம் கேட்டார். மறுத்தவருக்குப் பதிலாக எதைக் கொடுத்தீர்கள்? தண்ணீரை எப்போது நிறுத்தினீர்கள்? என் இரண்டு கடிதங்களின் நகல்களும் மேசை மேல் இருந்தன. ஜெயராஜ் என்னைப் பார்த்தார். அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

பல மாதங்கள் கழித்து, தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்டார்கள். எனக்குக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைத்தது. இன்று நான் யாருக்கும் பாதுகாப்பு அதிகாரி இல்லை. பொருள்கள் கிடங்கு ஒன்றில் இருப்பு சரிபார்க்கிறேன்.

பட்டறையில் சேற்றுத் தொட்டி கட்டி, எல்லாக் கை இயந்திரங்களுக்கும் தண்ணீர் கொடுத்து, உறிஞ்சும் குழாயும் பொருத்திவிட்டார்கள். எத்தனை நாள் ஆனது என்று பழைய ஆட்களிடம் விசாரித்தேன்.

நான்கு நாள்.

வீரமணி கேட்ட தாள்

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் வீரமணி தோ பாயோவுக்கு வந்தார். மாடிக்கு வரச் சொன்னேன், இங்கேயே இருக்கட்டும் என்று அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக் கல் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். லிஃப்டிலிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டிய தூரத்தை யோசித்திருப்பார்.

“ஒரு உதவி சார். ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. தமிழ்ல.”

“என்னன்னு?”

“என்ன நடந்துச்சுன்னு.” நிறுத்தினார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டிருந்தார். “ரூம்ல எல்லாப் பயலும் சொல்றான். தாடி வெச்சுக் கெடுத்துக்கிட்டான்னு. ஊர் வரைக்கும் போயிருச்சு. வீட்ல போன் போட்டா அழுவுது. என்னாலதானேங்குது.”

கல் இருக்கையின் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

“அது போவுது சார். பெரிய மனுசி, சமாளிச்சுக்கும். பாப்பாவுக்கு மூணு வயசு. நாளைக்கி வளந்ததும் எவனாச்சும் அதுகிட்டச் சொல்லுவான். ஒனக்காகத்தான்டி ஒங்கப்பனுக்கு இப்படி ஆச்சுன்னு. அப்ப நான் இருந்தாச் சொல்லிக்குவேன்.” மறுபடி நிறுத்தினார். “அதான் பேப்பர்ல கேக்குறேன்.”

மேலே போய்க் கோடு போட்ட தாளும் பேனாவும் எடுத்து வந்தேன். இருக்கையிலேயே வைத்து எழுதினேன். எனக்கு அடித்தல் திருத்தல் பிடிக்காது. அன்று இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவதில் இப்படி எழுதினேன்:

‘வீரமணிக்கு நோய் வந்தது தாடியால் அல்ல. அவருடைய மகள் பிறந்ததாலும் அல்ல. தண்ணீர் இல்லாமல் பல ஆண்டுகள் கல் அறுக்க வைத்ததால் வந்தது. தூசியை அது எழும்பும் இடத்திலேயே தடுத்திருந்தால் அவர் தாடியோடு இருந்தாலும் நன்றாக இருந்திருப்பார். தாடிக்குப் பொருத்தமான முகமூடி கடையில் இருந்தது, நிறுவனம் வாங்கவில்லை. முகமூடி கசிவதைக் கண்ணால் பார்த்தும் தேர்ச்சி என்று எழுதியவன் நான்.’

வீரமணி வரிக்குக் கீழே விரலை வைத்து மெல்லப் படித்தார்.

“கடைசி வரி வேணாம் சார். எடுத்துருங்க.”

“ஏன்?”

“பாப்பா படிக்கும்போது உங்களத் திட்டும் சார்.”

“திட்டட்டும்.”

தாளை வாங்கி முழுப்பெயரும் பழைய பதவியும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடிக்கவில்லை. பாப்பாவுக்கு எப்படிப் படித்துக் காட்டுவது என்று பார்ப்பவர் போல, இந்த முறை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது வாக்கியத்தில் மூச்சு முட்டியது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தாளை என்னிடம் நீட்டினார்.

மிச்சத்தை நான் வாசித்தேன்.